அமெரிக்காவில் உறவினர் கைதானால்: நம்பகமான பெயில் ஏஜென்ட்டைத் தேடிப் பிடிக்க முழு வழிகாட்டி

இது கலிஃபோர்னியாவை மனதில் வைத்து எழுதியது, வேறு மாநிலங்கள் மாறுபடும் இடத்தை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். தம்பியோ மருமகனோ ரூம்மேட்டோ கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜெயிலில் இருக்கிறார், ராத்திரி போன் வந்திருக்கிறது, என்ன செய்வதென்று தெரியாமல் கூகுளில் தேடி முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தப் போகிறீர்கள் என்றால், ஒரு பத்து நிமிஷம் இதைப் படித்துவிட்டு அழுத்துங்கள். பெயில் என்பது ஜாமீன். பெயில் ஏஜென்ட் என்பவர், பிரீமியம் என்ற கட்டணத்தை வாங்கிக்கொண்டு, கைதானவர் எல்லா வாய்தாவுக்கும் வருவார் என்று பாண்ட் என்ற உத்தரவாதப் பத்திரத்தைக் கோர்ட்டுக்குக் கொடுப்பவர்.

எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களோடு இந்த வேலையில் கூட நின்று பார்த்ததில் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. பணமும் நிம்மதியும் இழந்தவர்களில் பலர் நல்ல ஏஜென்ட்டிடம்தான் போயிருந்தார்கள், ஆனால் வரிசையை மாற்றிப் போனார்கள். ஏஜென்ட்டுக்குப் போடும் போன் நான்காவது போனாக இருக்க வேண்டும். முதல் போன் ஜெயிலுக்கு, இரண்டாவது கிரிமினல் வக்கீலுக்கு, குடியுரிமை இல்லாதவர் என்றால் மூன்றாவது இமிக்ரேஷன் வக்கீலுக்கு. அப்புறம்தான் ஏஜென்ட்.

1. ஆள் எங்கே, எந்தப் பெயரில் இருக்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

பிடித்தது ஊர் போலீஸாக இருந்தாலும் பெரும்பாலும் கொண்டுபோய் வைப்பது கவுண்டி ஷெரீஃபின் (கவுண்டியின் போலீஸ் தலைவர்) ஜெயிலில். அந்தக் கவுண்டியின் வலைத்தளத்தில் கைதிகளைத் தேடும் பக்கம் இருக்கும். கைரேகை, போட்டோ எல்லாம் எடுத்துப் பதிவு முடிய சில மணி நேரம் ஆகும், அதுவரை பெயர் வராது. வரவில்லை என்றவுடன் பதறி ஏஜென்ட்டைக் கூப்பிட வேண்டாம், அவரும் அதே பக்கத்தைத்தான் பார்ப்பார்.

நம் ஆட்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல், பெயர். வீட்டில் கார்த்திக், அப்பா முருகேசன் என்றால் ஜெயில் பதிவில் கடைசிப் பெயர் முருகேசனாக இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் என்றால் விசாவில் முதல் பெயருக்குப் பதில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகியிருக்கும், அதுவே டிரைவிங் லைசென்ஸுக்கும் அங்கிருந்து ஜெயிலுக்கும் போயிருக்கும். சொந்தப் பெயர், அப்பா பெயர் இரண்டையும் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டுத் தேடுங்கள். பிறந்த தேதியை பாஸ்போர்ட்டில் உள்ளபடி கொடுங்கள், பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாற்றிக் கொடுத்த தேதிதான் பாஸ்போர்ட்டில் இருக்கிறது என்றால் அதைத்தான்.

கிடைத்ததும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பதிவான பெயர் எழுத்துக்கு எழுத்து, புக்கிங் எண் (ஜெயில் பதிவு எண்), ஜெயிலின் பெயர், குற்றச்சாட்டுப் பிரிவுகள், பெயில் தொகை, முதல் கோர்ட் தேதி. அடுத்து ஜெயிலுக்குப் போன் செய்து ஒரு கேள்வி கேளுங்கள்: "இவர்மேல் வேறு ஏதாவது ஹோல்ட் இருக்கிறதா?" ஹோல்ட் என்றால் வேறு இடத்திலிருந்து இவரை விடாமல் வைக்கச் சொல்லி வந்திருக்கும் உத்தரவோ கோரிக்கையோ. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பணம் கட்டியவர்கள்தான் அதிகம். வேறு கவுண்டி வாரண்ட்டோ இமிக்ரேஷன் ஹோல்டோ இருந்தால், பெயில் கட்டினாலும் ஆள் வீட்டுக்கு வராமல் போகலாம்.

2. ஜெயில் போனில் எதைப் பேசக் கூடாது

கலிஃபோர்னியாவில் கைதானவருக்கு, பதிவு முடிந்தவுடனோ கைதாகி மூன்று மணி நேரத்துக்குள்ளோ, மூன்று போன் செய்ய உரிமை உண்டு. சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர் என்றால், குழந்தைக்கு ஏற்பாடு செய்ய இன்னும் இரண்டு. பலருக்கு மனைவியின் நம்பர்கூட மனப்பாடமாகத் தெரிவதில்லை என்பதால் வருகிற முதல் போனை வீணாக்காமல் இருப்பது முக்கியம்.

வக்கீலோடு பேசுவதைத் தவிர மற்ற ஜெயில் போன்கள் பதிவாகின்றன. தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள், மொழிபெயர்க்க ஆள் வைப்பார்கள். என்ன நடந்தது, யார் ஆரம்பித்தது, எவ்வளவு குடித்தான் என்று எதுவும் கேட்க வேண்டாம். உடம்பு எப்படி, மாத்திரை எதுவும் வேண்டுமா, புக்கிங் எண் என்ன, வக்கீல் வரும்வரை போலீஸிடம் எதுவும் பேசாதே. அவ்வளவுதான்.

குடும்பச் சண்டை வழக்கு என்றால் இன்னும் கவனம். ஊரிலிருந்து மாமியாரோ மச்சானோ புகார் கொடுத்த மனைவியைக் கூப்பிட்டு "கேஸை வாபஸ் வாங்கிவிடு" என்று நெருக்குவதைப் பார்க்கிறேன். வாபஸ் வாங்குவது அவர் கையில் இல்லை, வழக்கை நடத்துவது மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம். சாட்சியை மிரட்டுவதோ பேசவிடாமல் தடுப்பதோ தனிக் குற்றம், நெருக்குகிறவர் மேலேயே பாயும். அந்தப் பெண் அடிபட்டவர் என்பதையும் அவருடைய பாதுகாப்பும் உங்கள் கவலைதான் என்பதையும் இந்த அவசரத்தில் மறக்க வேண்டாம். பெயில் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அவரையே கேட்காதீர்கள்.

3. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் என்றால் ஏஜென்ட்டுக்கு முன் இமிக்ரேஷன் வக்கீல்

ஐஸ் என்று எல்லோரும் சொல்லும் இமிக்ரேஷன் அமலாக்கத் துறை, ஜெயிலுக்கு டிடெய்னர் என்ற கோரிக்கை அனுப்பியிருந்தால், பெயிலில் விடுவித்த கையோடு அவரை அவர்களிடம் ஒப்படைக்கும் வாய்ப்பு உண்டு. கலிஃபோர்னியாவில் ஜெயில்கள் இதற்கு எவ்வளவு ஒத்துழைக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது, டெக்சஸ் போன்ற மாநிலங்களில் நிலைமை நேர் எதிர். அப்படிப் போய்விட்டால் நீங்கள் கட்டிய பிரீமியம் போனதுதான், அதோடு அவர் கவுண்டி கோர்ட்டில் ஆஜராக முடியாமல் போய்ப் பாண்ட் பறிபோகும் ஆபத்தும் சேரும்.

இமிக்ரேஷன் காவலிலிருந்து எடுக்கக் கட்டும் இமிக்ரேஷன் பாண்ட் என்பது வேறு. அதைத் தீர்மானிப்பது வேறு துறை, குறைந்தபட்சமே 1,500 டாலர், கவுண்டி பெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் "நானே முடித்துத் தருகிறேன்" என்று ஒரு ஏஜென்ட் ஒரே மூச்சில் சொன்னால், அவரை நம்பிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் வக்கீலிடம் கேளுங்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் தீர்ப்பே வராமல் கைதை மட்டும் வைத்து அமெரிக்க வெளியுறவுத் துறை விசா ஸ்டாம்ப்பை ரத்து செய்யலாம். அமெரிக்காவுக்குள் தங்கியிருக்கும் அனுமதி அதனால் உடனே போகாது, ஆனால் ஊருக்குப் போனால் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது. ஏற்கெனவே டிக்கெட் போட்டு வைத்திருப்பவர்கள் அதற்காகவே வக்கீலிடம் பேச வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் கேட்டால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை, கேட்காவிட்டால் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

4. ஏஜென்ட் தேவைதானா என்று பாருங்கள்

முதல் தடவை, யாருக்கும் அடிபடாத சிறு குற்றங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தாங்களே விட்டுவிடுவது கலிஃபோர்னியாவில் சகஜம், குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்கூடப் பல நேரம் போதை தெளிந்ததும் காலையில் வந்துவிடுவார். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 2023 அக்டோபரிலிருந்து, வன்முறை இல்லாத பெரும்பாலான வழக்குகளில் கோர்ட்டுக்குப் போகும் முன்பே பணமில்லாமல் விடும் முறை வந்திருக்கிறது. இப்படி விடப்போகிறவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு பிரீமியம் கட்டினால் அது திரும்பி வராது.

கோர்ட் வரை போனால் என்ன? ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். அங்கே வக்கீல், இலவச அரசு வக்கீலாக இருந்தாலும் சரி, பணமில்லாமல் சொந்தப் பொறுப்பில் விடச் சொல்லியோ தொகையைக் குறைக்கச் சொல்லியோ கேட்கலாம். 2021-ல் ஹம்ஃப்ரி வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், பெயில் தொகை வைக்கும்போது அவரால் கட்ட முடியுமா என்று நீதிபதி பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆக, திங்கள் ராத்திரி கைதானவருக்குச் செவ்வாயோ புதனோ தொகை குறையலாம், இல்லாமலே போகலாம். வெள்ளி ராத்திரி கைதானவர் செவ்வாய் வரைகூட உட்கார வேண்டியிருக்கும். என் கணக்கு இது: இன்சுலின் போடுகிறவர், மனநிலை சரியில்லாதவர், பால் குடிக்கும் குழந்தையின் அம்மா என்றால் காத்திருக்க வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு ராத்திரி பொறுப்பதில் ஆயிரக்கணக்கான டாலர் மிஞ்சலாம், வக்கீல் சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள்.

முழுத் தொகையையும் நீங்களே கட்டுவது இன்னொரு வழி. எல்லா வாய்தாவுக்கும் போனால் வழக்கு முடிந்த பிறகு அது திரும்ப வரும். 10,000 டாலர் மாதிரித் தொகைகளுக்கு, நண்பர்கள் சேர்ந்து புரட்ட முடிந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

சில மாநிலங்களில் இந்தத் தேடலே வேண்டாம். இல்லினாயில் 2023 செப்டம்பர் 18 முதல் பண பெயிலே கிடையாது. கென்டக்கி, ஆரிகன், விஸ்கான்சின் மூன்றிலும் ஏஜென்ட் தொழிலுக்கு அனுமதி இல்லை. நியூஜெர்சியில் 2017-லிருந்து பண பெயில் அபூர்வம். இல்லினாயின் சிகாகோவிலோ நியூஜெர்சியின் எடிசனிலோ இருப்பவரை வெளியே எடுக்க ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

5. போன் செய்யும் முன் கையில் இருக்க வேண்டியவை

எழுதி வைத்த அந்தத் தாள். கைதானவருக்குப் பொறுப்பேற்று ஏஜென்ட்டின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறவரின் (கோ-சைனர்) அடையாள அட்டை, இரண்டு மூன்று சம்பளச் சீட்டு, வீட்டு முகவரிக்குச் சான்று. கைதானவர் எங்கே வேலை செய்கிறார், எவ்வளவு நாளாக இந்த ஊரில் இருக்கிறார் என்ற விவரம். ஏஜென்ட் பார்ப்பது ஒன்றுதான், இவர் ஓடிவிடுவாரா. வேலை, குடும்பம், வீடு இங்கே இருக்கிறது என்று காட்ட முடிந்தால் ஈடு குறைவாகக் கேட்பார்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை இங்குள்ள ஏஜென்ட்கள் கையெழுத்துக்கு ஏற்பது அரிது, வசூலிக்க வழியில்லை என்பதால். அதனால் இங்கே இருக்கும் ஒரு நண்பர் தலையில்தான் அது விழும். யார் என்பதை போன் போடும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஜெயில் வாசலில் நிற்கும்போது முடிவு செய்தால், மறுக்கத் தெரியாத நல்ல மனிதர் மாட்டிக்கொள்வார்.

6. ஏஜென்ட்டைத் தேடுவதும் சரிபார்ப்பதும்

முதல் இடம், உங்கள் கிரிமினல் வக்கீல். யார் பாண்ட் போட்டுவிட்டு குடும்பத்தைப் படுத்துகிறார்கள், யார் ஈட்டைச் சரியாகத் திருப்பித் தருகிறார்கள் என்பது வழக்கு முடியும்வரை பார்க்கிற அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வக்கீல் சொல்லலாமே தவிர, ஏஜென்ட் உங்களுக்கு வக்கீலைச் சிபாரிசு செய்யக் கலிஃபோர்னியா விதிகள் அனுமதிப்பதில்லை. "நமக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார்" என்று ஏஜென்ட் ஆரம்பித்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

இரண்டு மூன்று பெயர் கிடைத்ததும் லைசென்ஸ் பாருங்கள். கலிஃபோர்னியாவில் பெயில் ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் கொடுப்பது மாநில இன்சூரன்ஸ் துறை, அதன் தளத்தில் பெயரையோ லைசென்ஸ் எண்ணையோ போட்டுப் பார்க்கலாம். பார்க்க வேண்டியவை மூன்று. லைசென்ஸ் வகை பெயில் ஏஜென்ட் என்று இருக்கிறதா, நடப்பில் இருக்கிறதா, எந்த இன்சூரன்ஸ் கம்பெனி அவரை நியமித்திருக்கிறது. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் கோர்ட்டுக்கு உத்தரவாதம் கொடுப்பது அந்தக் கம்பெனிதான், ஏஜென்ட் அதன் சார்பில் கையெழுத்துப் போடுகிறவர். விளம்பரத்தில் கடைப் பெயர் ஒன்றும், உங்களோடு பேசுகிறவர் பெயர் ஒன்றும் இருக்கும். பேசுகிறவருடைய சொந்த லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் துறையின் உதவி எண் 800-927-4357.

டெக்சஸில் பெரிய கவுண்டிகளுக்குத் தனி பெயில் பாண்ட் போர்டு உண்டு, லைசென்ஸ் பட்டியல் அங்கே. அங்கே வக்கீலே தன் கட்சிக்காரருக்குப் பாண்ட் போடவும் வழி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் கூப்பிடாமல் உங்களைத் தேடி வரும் போன். கைதானவர்கள் பட்டியல் ஊருக்கே திறந்து கிடப்பதால் மோசடிக்காரர்கள் பெயர், புக்கிங் எண், பெயில் தொகை எல்லாம் சரியாகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஷெரீஃப் அலுவலகம் என்பார்கள், கோர்ட் ரகசிய உத்தரவு போட்டிருக்கிறது, யாரிடமும் சொல்லாதே என்பார்கள். கிஃப்ட் கார்டு, கிரிப்டோ, வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பணம் வாங்குவது என்று எதைக் கேட்டாலும் போனை வைத்துவிட்டு ஜெயிலின் எண்ணை நீங்களே தேடிப் பேசுங்கள். ஊரிலிருக்கும் வயசான பெற்றோருக்கும் இதை உடனே சொல்லி வையுங்கள், அவர்களைத்தான் சுலபமாகப் பயமுறுத்துவார்கள்.

7. போனில் கேட்க வேண்டியவை

ஒரே கேள்விகளை இரண்டு பேரிடமாவது கேளுங்கள். மொத்தம் எவ்வளவு, அதில் பிரீமியம் எவ்வளவு, வேறு செலவு என்ன? கலிஃபோர்னியாவில் பிரீமியத்துக்கு மேல், நிஜமாக ஆன, தேவையான, நியாயமான செலவைத்தான் வாங்கலாம், அதனால் ஃபைல் ஃபீஸ், டாக்குமென்ட் ஃபீஸ் என்றால் எதற்கென்று கேளுங்கள். ஈடு வேண்டுமா, என்ன ஈடு? வழக்கு ஒரு வருஷத்தைத் தாண்டினால் திரும்பப் பணம் கேட்பீர்களா? வாரா வாரம் வந்து கையெழுத்துப் போட வேண்டுமா? ஒரு வாய்தா தவறிவிட்டால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்துத்தான் நான் ஆளை எடைபோடுவேன். நல்ல ஏஜென்ட், "உடனே என்னைக் கூப்பிடுங்கள், வக்கீலை வைத்து அன்றைக்கோ மறுநாளோ கோர்ட்டில் சேர்த்துப் பாண்டைத் திரும்ப உயிர்ப்பிக்கப் பார்ப்போம்" என்று நடைமுறையைச் சொல்வார். "அதெல்லாம் நடக்காது, கவலைப்படாதீங்க" என்று சிரித்துக்கொண்டு நகர்கிறவரிடம் ஒப்பந்த நகல் கேட்டாலும் அதே பதில்தான் வரும். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

8. பணம் எப்படி வேலை செய்கிறது

கலிஃபோர்னியாவில் வழக்கமான விகிதம் 10 சதவீதம். பெயில் 50,000 டாலர் என்றால் பிரீமியம் 5,000. அது கட்டணம், டெபாசிட் கிடையாது. மறுநாளே வழக்கு போடாமல் விட்டாலும், குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தாலும் திரும்ப வராது. ஊரில் இரண்டு ஜாமீன்தாரர் நிறுத்தி வெளியே எடுத்துப் பழகிய பெரியவர்களுக்கு இது பிடிபடவே நேரமாகும், அனுப்பிய பணம் என்றைக்கு வரும் என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அனுப்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்த விகிதத்தை இன்சூரன்ஸ் கம்பெனிகள் மாநிலத்திடம் பதிவு செய்கின்றன, ஏஜென்ட் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. தனி வக்கீல் வைத்தவர்கள், யூனியன் உறுப்பினர்கள், ராணுவத்தினர் ஆகியோருக்கு 8 சதவீதம் என்று பதிவு செய்த கம்பெனிகள் உண்டு. அதனாலும்தான் வக்கீல் முதலில். "ரொக்கமாகக் கொடு, பாதி விலைக்கு முடிக்கிறேன், ரசீது வேண்டாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வட கரோலினாவில் உச்சவரம்பு 15 சதவீதம், டெக்சஸில் மாநிலம் நிர்ணயித்த விகிதம் இல்லை, பேரம் பேசலாம்.

"ஒரு சதவீதம் கொடுத்தால் போதும்" என்ற விளம்பரத்துக்குப் பொருள், இன்றைக்கு 500, மீதி 4,500 கடன் என்பதுதான். தவணை தப்பில்லை, தேதியும் தொகையும் எழுத்தில் இருந்தால். தவணைப் பாக்கிக்குக் கோ-சைனரைப் பொறுப்பாக்க வேண்டுமென்றால் சட்டம் சொல்லும் எச்சரிக்கை நோட்டீஸைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும் என்று 2021-ல் கலிஃபோர்னியா அப்பீல் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. அப்படி ஒரு தாள் வந்ததா என்று பாருங்கள், பத்திரப்படுத்துங்கள்.

ஊரிலிருந்து பணம் வருகிறதென்றால் கையெழுத்துப் போடுகிறவரின் வங்கிக் கணக்குக்கு வரட்டும், அவர் கார்டிலோ செக்கிலோ ஏஜென்சி பெயருக்குக் கட்டட்டும். தனி மனிதர் பெயருக்கு ஸெல் (Zelle) என்ற ஆப் வழியாகப் பணம் அனுப்ப வேண்டாம். பெரிய வழக்குகளில் பெயில் பணம் நேர்வழியில் வந்ததா என்று கோர்ட் சான்று கேட்டு விடுதலையை நிறுத்தி வைக்கவும் இடமுண்டு, அப்போது வங்கிக் கணக்கு விவரம்தான் காப்பாற்றும்.

9. கையெழுத்து

இந்த முழு விஷயத்திலும் கனமான இடம் இதுதான். பிரீமியம் 5,000 பெரிதாகத் தெரியும், ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் ஏற்கும் பொறுப்பு முழு 50,000. கைதானவர் ஓடிவிட்டால் ஏஜென்சி இவரிடம்தான் வரும், தேடிப் பிடித்த செலவையும் சேர்த்துக்கொண்டு. நண்பர் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார் என்றால் இந்த எண்ணை வாய்விட்டு அவருக்குச் சொல்லுங்கள்.

வழக்கமாக மூன்று நான்கு தாள் வரும்: விண்ணப்பம், பொறுப்பேற்பு ஒப்பந்தம், கடன் பத்திரம், ஈடு இருந்தால் அதற்கு ரசீது. இப்போதெல்லாம் போனிலேயே மின்கையெழுத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள், விரலால் தள்ளிக்கொண்டே போய்ப் பதினைந்து இடத்தில் தொட்டுவிட்டு என்ன போட்டோம் என்று தெரியாமல் இருப்பவர்கள் ஏராளம். கம்ப்யூட்டரில் திறந்து படியுங்கள்.

காலியாக விட்ட இடம் இருந்தால் கையெழுத்து வேண்டாம், கோடாவது போட்டு அடைக்கச் சொல்லுங்கள். தொகை, பெயர், புக்கிங் எண் உங்கள் தாளோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். உங்கள் பொறுப்பு எப்போது முடிகிறது என்ற வரியைத் தேடுங்கள். எந்தக் காரணத்துக்கு ஏஜென்ட் அவரைத் திரும்ப ஜெயிலில் ஒப்படைக்கலாம் என்பதையும் படியுங்கள். சரியான காரணமில்லாமல் ஒப்படைத்தால் பிரீமியத்தைத் திருப்பித் தரச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எல்லாத் தாளுக்கும் நகல் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

10. ஈடாக எதைக் கொடுப்பது

பெரிய தொகைகளுக்கும், விசாவில் இருப்பவர்களுக்கும் ஈடு கேட்பார்கள். ரொக்கம், கார் பத்திரம், நகை, வீடு. கொடுப்பதாக இருந்தால் முதலில் ரொக்கம், கடைசியில் வீடு என்பது என் அபிப்பிராயம். வீட்டின்மேல் அடமானப் பத்திரம் எழுதி கவுண்டியில் பதிந்துவிட்டால், வழக்கு முடியும்வரை விற்பதும் கஷ்டம், வீட்டுக் கடனை மாற்றுவதும் கஷ்டம், முடிந்த பிறகும் நீக்க நடையாய் நடக்க வேண்டும்.

நகை கொடுத்தால் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, எடையையும் எழுதி ரசீதில் சேர்க்கச் சொல்லுங்கள். "தங்கச் சங்கிலி 1" என்ற ரசீது பிரயோஜனமில்லை. ரெட்டை வடச் சங்கிலி ஒன்று, 40 கிராம், 22 காரட், கொக்கியில் என்ன முத்திரை இருக்கிறது என்பது வரை இருக்க வேண்டும். தாலியைக் கழற்றிக் கொடுக்க யாரும் சொல்லும் நிலைக்குப் போகாதீர்கள், அதற்குப் பதில் தொகையைக் குறைக்க வக்கீல் கோர்ட்டில் கேட்கட்டும்.

பாஸ்போர்ட்டைக் கேட்கும் ஏஜென்ட்களும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, தனியார் கையில் கொடுப்பதற்கு முன் வக்கீலிடம் கேளுங்கள். ஒப்படைக்கச் சொல்லி கோர்ட் உத்தரவிட்டால் அது வேறு, அப்போது வக்கீல் வழியாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

11. வெளியே வரும் ராத்திரி

பாண்ட் கட்டியவுடன் கதவு திறக்காது. பெரிய ஜெயில்களில் பல மணி நேரம் ஆகும், விடியற்காலையில் வெளியே விடுவார்கள், அவர் போனில் சார்ஜ் இருக்காது. யாராவது வண்டியோடு காத்திருங்கள்.

குடும்பச் சண்டை வழக்கில் பாதுகாப்பு உத்தரவு இருந்தால் அவர் வீட்டுக்குப் போகக் கூடாது. போலீஸ் அன்றே வாங்கும் அவசர உத்தரவு அதிகபட்சம் ஏழு நாள், அதன்பின் கோர்ட் நீண்ட உத்தரவு போடலாம். மனைவியே "வாங்க" என்று கூப்பிட்டாலும் உத்தரவு நீங்கும்வரை போகக் கூடாது, மெசேஜும் அனுப்பக் கூடாது. ஹோட்டலோ நண்பர் வீடோ முன்பே ஏற்பாடு செய்யுங்கள், துணி, லேப்டாப், மாத்திரையை வேறொருவர் போய் எடுத்து வரட்டும். வெளியே வந்த அன்றைக்கே திரும்ப உள்ளே போகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

12. வழக்கு நடக்கும் மாதங்கள்

ஜெயில் கொடுத்த தாளில் உள்ள கோர்ட் தேதி, நேரம், கட்டடம், அறை எண்ணைக் கோ-சைனரும் தன் காலண்டரில் போட்டுக்கொள்ளட்டும். கவுண்டியில் நாலைந்து கோர்ட் கட்டடம் இருக்கும், வேறு கட்டடத்தில் போய் உட்கார்ந்து வாய்தாவைத் தவறவிடுவது நடக்கிற விஷயம். முதல் தேதியில் போனால் வழக்கே பதிவாகவில்லை என்று அனுப்பிவிடுவதும் உண்டு. முடிந்தது என்று நினைக்க வேண்டாம், பின்னால் போடலாம், அன்று ஆஜரானதற்கு அத்தாட்சி வாங்கி ஏஜென்ட்டுக்கும் வக்கீலுக்கும் அனுப்புங்கள்.

வாய்தா தவறினால் வாரண்ட் வரும், பாண்ட் பறிமுதல் என்று கோர்ட் அறிவிக்கும். ஆனால் அத்தோடு முழுத் தொகையும் உடனே போய்விடாது. கலிஃபோர்னியாவில் 180 நாள், தபாலில் நோட்டீஸ் போனால் இன்னும் 5 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் அவர் கோர்ட்டுக்கு வந்துவிட்டால் சரிசெய்ய முடியும். அதனால் ஒளியச் சொல்லாதீர்கள். அன்றைக்கே வக்கீல், ஏஜென்ட் இருவரையும் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தார் என்றால் அந்தச் சான்று வேண்டும்.

வேலை, முகவரி, போன் எது மாறினாலும் ஏஜென்ட்டுக்கு எழுத்தில் சொல்லுங்கள். வெளிநாடு போக வேண்டுமென்றால், அப்பா சாவுக்கே ஆனாலும், கோர்ட் அனுமதியும் ஏஜென்ட் சம்மதமும் முன்பே வேண்டும். கேட்டால் பல நீதிபதிகள் கொடுக்கிறார்கள். கேட்காமல் போனால் கையெழுத்துப் போட்ட நண்பர் நடுத்தெருவில் நிற்பார்.

13. முடிந்ததும் ஈட்டைத் திரும்ப வாங்குவது

வழக்கு முடியும் நாளில் நீதிபதி பாண்டை விடுவிப்பதாகச் சொல்ல வேண்டும், சில நேரம் அது பதிவில் வராமல் போகும். வக்கீலிடம் சொல்லி அதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். கோர்ட் கிளார்க்கிடம் அன்றைய உத்தரவின் நகல் வாங்கி, அதை ஏஜென்ட்டுக்கு மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, ஈட்டைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். போனில் கேட்டதற்கு ஆதாரம் இருக்காது. கடன் பத்திரத்தையும் ரத்து என்று எழுதி வாங்குங்கள்.

நகையை ரசீதும் போட்டோவும் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எடை போட்டுப் பார்த்த பிறகு பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடுங்கள். வீடு என்றால், அடமானத்தை நீக்கும் பத்திரத்தை ஏஜென்சி கையெழுத்திட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது, அது கவுண்டி பதிவு அலுவலகத்தில் பதிவாக வேண்டும். சில வாரம் கழித்து அங்கே உங்கள் பெயரில் தேடிப் பார்த்துப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் மேலே சொன்ன இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுக்கலாம், ஏஜென்ட்டை நியமித்த கம்பெனிக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்புங்கள்.